பொறுப்பை ஒப்படைத்தவர்

எங்கள் சார் காலமாகிவிட்டார். சமவெளியில் ஒரு வானொலி நிலையத்தின் டிரான்ஸ்மிட்டர் பிரிவில் பொறியாளராக இருந்தவர். நான் டெக்னீஷியனாக வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் ஓய்வுபெற்ற நாள் வரை அவர் கீழேதான் வேலை பார்த்தேன். நிலையத்தில் பெரியவர், சிறியவர் எல்லோருக்கும் அவர் ‘சார்’தான். ஓர் அறிவிப்பாளர் மறைந்தால் பத்திரிகையில் படத்தோடு செய்தி வரும். அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்தவர்கள் கலங்குவார்கள். அது நியாயம். அந்தக் குரலை ஒவ்வொரு வீட்டின் மாடக்குழி வரை கொண்டுவந்து சேர்த்தவர் மறைந்தால் உறவினர்களும் பழைய ஷிப்ட்காரர்கள் சிலரும்தான் வருகிறார்கள். நான் சேரங்கோட்டிலிருந்து பேருந்து மாறி மாறிப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவரைப் பற்றிச் சொல்ல நினைத்ததை இங்கே சொல்கிறேன்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு வானொலி என்னவாக இருந்தது என்று முதலில் சொல்ல வேண்டும். பந்தலூர் வட்டத்தில், கேரள எல்லையை ஒட்டி, நீலகிரியின் மேற்குச் சரிவில் இருக்கிறது சேரங்கோடு. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி, இலங்கைத் தோட்டங்களில் இருந்த தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவானது. யாரும் எங்களைக் கேட்கவில்லை. தலைமன்னாரில் கப்பலேறி, ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்திருந்து, பிறகு இந்த மலைக்கு வந்தோம். 1968-இல் அரசு தொடங்கிய தேயிலைத் திட்டம் 1976-இல் டான்டீ என்ற கழகமானது. இங்கே காட்டைத் திருத்தித் தேயிலை நட்ட கைகளில் பெரும்பாலானவை அப்படி வந்த கைகள்தாம்.

வந்தவர்களுக்கு அங்கே விட்டுவந்த அண்ணன், தங்கை, பேரன், பேத்தி இருந்தார்கள். கடிதம் போய்வர வாரக்கணக்காகும். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் ஒரு வீட்டில் ரேடியோ இருந்தால் அது எல்லா வீட்டுக்கும் பொது. பகலில் கோழிக்கோடு நிலையம் கணீரென்று கேட்கும். மலையின் மறுபுறம் இருக்கும் கோயம்புத்தூர் வந்தும் வராமலும் இருக்கும். பொழுது சாய்ந்த பிறகுதான் இலங்கை வானொலி ஏறி வரும். அதில் பாட்டும் நாடகமும் இருந்தன. ஆனால் எங்கள் அம்மா காத்திருந்தது மரண அறிவித்தலுக்கு. யாழ்ப்பாணத்து ஊர்ப் பெயர்களாகவே வந்துகொண்டிருக்கும். நடுவில் ஹட்டன், பொகவந்தலாவை என்று மலையகத்துப் பெயர் ஒன்று வந்துவிட்டால் அம்மா கையை உயர்த்துவார். லயமே வாயை மூடிக்கொள்ளும். எத்தனையோ குடும்பங்கள் தங்கள் சொந்தங்களின் சாவை அந்தப் பெட்டியில்தான் கேட்டன.

பொழுது சாய்ந்தால் மட்டும் ஏன் கேட்கிறது என்று சிறுவயதில் எனக்குத் தெரியாது. அதை எனக்கு விளக்கியவர் சார். வெயில் இருக்கும்வரை வானத்தின் கீழ் அடுக்கு ஒன்று மத்திய அலையை உறிஞ்சிவிடும். சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கரைந்துபோகும். அப்போது அலை மேலே ஏறி, உயரத்தில் இருக்கும் வேறோர் அடுக்கில் பட்டுத் திரும்பி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இறங்கும். இதைச் சொல்லிவிட்டு, “உங்க அம்மா இருட்டுறதுக்குக் காத்திருந்தாங்களே, அது சரியான கணக்கு தம்பி” என்றார். படிக்காத என் தாயின் காத்திருப்பில் ஓர் அறிவைக் கண்ட மனிதர் அவர். அன்று முதல் அவர் சொன்னதை நான் தட்டியதில்லை.

அந்த இலங்கை வானொலிக்கு அடித்தளம் போட்டவர் யார் என்பதும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எஸ்.பி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத் என்று அறிவிப்பாளர் பெயர்களை எங்கள் லயத்தில் சின்னப் பிள்ளைகளும் ஒப்பிக்கும். எட்வர்ட் ஹார்ப்பர் என்ற பெயரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. 1921-இல் கொழும்புத் தந்தி அலுவலகத்துக்குத் தலைமைப் பொறியாளராக வந்தவர் அவர். முதல் உலகப்போரில் பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் கருவிகளை வைத்து ஒரு டிரான்ஸ்மிட்டரைக் கட்டி, தந்தி அலுவலகத்தின் சின்ன அறையிலிருந்து கிராமபோன் இசையைக் காற்றில் விட்டார்கள். 1925 டிசம்பர் 16 அன்று கொழும்பில் முறையான ஒலிபரப்பு தொடங்கியது. ஆசியாவிலேயே மிகப் பழைய வானொலிகளில் ஒன்று அது. இரண்டாம் உலகப்போரின்போது படைவீரர்களுக்காக அங்கே நிறுவப்பட்ட ரேடியோ சீயாக் நிலையமும் அதன் வலிமையான சிற்றலைக் கருவிகளும் 1949-இல் இலங்கை அரசின் கைக்கு வந்தன. போருக்காகக் கட்டிய கருவி பிற்பாடு எம்.கே.டி. பாகவதரைப் பாடியது. எனக்கு இதில் பெரிய ஆறுதல் உண்டு.

சார் அடிக்கடி சொன்ன இன்னொரு கதை சென்னையுடையது. சி.வி. கிருஷ்ணசுவாமி செட்டி என்ற பொறியாளர் 1924 மே 16 அன்று நண்பர்களைச் சேர்த்து மதராஸ் மாகாண ரேடியோ கிளப்பைத் தொடங்கினார். அதே ஆண்டு ஜூலை 31 முதல் ஒலிபரப்பு. முதலில் இருந்தது 40 வாட் டிரான்ஸ்மிட்டர். இன்று ஒரு வீட்டில் எரியும் பல்புகளின் அளவு. பிறகு 200 வாட் ஆக்கினார்கள். உறுப்பினர் சந்தாவை நம்பி நடந்த கிளப் மூன்றாண்டில் பணமில்லாமல் நின்றுபோனது; 1927-இல் மூடினார்கள். இங்கே வந்ததும் சார் கொஞ்சம் நிறுத்துவார். “செட்டியார் என்ன செஞ்சார் தெரியுமா? பெட்டியைப் பூட்டி வீட்டுல வைக்கலை. கார்ப்பரேஷன்கிட்ட ஒப்படைச்சார்.” அந்த டிரான்ஸ்மிட்டரை வைத்துச் சென்னை மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் ஒலிபரப்பியது. மாலையில் இசை, மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இசைப்பாடமும் கதையும், கடற்கரைக்குக் காற்று வாங்க வந்தவர்களுக்கு ஒலிபெருக்கி. 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் திறக்கப்படும் வரை அது ஓடியது.

தோற்றுப்போன முயற்சி என்று அந்தக் கிளப்பை எழுதிவிட்டுப் போகலாம். சார் அப்படிப் பார்க்கவில்லை; நானும் பார்க்கவில்லை. கையில் பணம் இல்லை, கிளப் கலைந்துவிட்டது, மனம் நொந்திருக்கும். அந்த நேரத்திலும் கருவி ஓடவேண்டும், யாராவது ஓட்டட்டும் என்று நினைக்க ஒரு பெரிய மனம் வேண்டும். தன் பெயர் போனாலும் வேலை நிற்கக்கூடாது என்ற எண்ணம் அது. சாரிடம் நான் முப்பது ஆண்டுக்கு மேல் பார்த்ததும் அதைத்தான்.

டிரான்ஸ்மிட்டர் நிலையம் எப்படி இருக்கும் என்று வெளியே பலருக்குத் தெரியாது. பாட்டும் செய்தியும் ஊருக்குள் இருக்கும் ஸ்டுடியோவில். நாங்கள் ஊருக்கு வெளியே வயற்காட்டில். ஈரமான மண் மத்திய அலைக்கு நல்லது என்பதால் பள்ளமான நிலமாகப் பார்த்துத்தான் கோபுரம் நடுவார்கள். அலைநீளம் 300 மீட்டர் என்றால் கால்பங்கு, அதாவது 75 மீட்டர் உயரம். உச்சியில் ஏதோ ஒன்று மாட்டியிருக்கிறது, அதிலிருந்துதான் அலை போகிறது என்று பார்ப்பவர் நினைப்பார்கள். அப்படியில்லை, முழுக் கோபுரமுமே ஏரியல். அத்தனை எடையும் அடியில் இருக்கும் பீங்கான் இன்சுலேட்டரின் மேல் உட்கார்ந்திருக்கும். கோபுரத்தின் காலடியிலிருந்து நாலாபக்கமும் செம்புக் கம்பிகள் மண்ணுக்குள் ஓடும், வழக்கமாக 120. மேலே தெரியும் இரும்பைவிட, புதைந்து கிடக்கும் அந்தச் செம்புதான் அலையின் வலிமையைக் காக்கிறது. புதிதாகச் சேர்ந்தவர்களைக் கூட்டிக்கொண்டு போய் சார் முதலில் காட்டுவது கோபுரத்தை அல்ல, அந்தத் தரையைத்தான். மாடு மேய்ப்பவர்கள் வேலி தாண்டினாலும் அதட்ட மாட்டார். கம்பி எங்கே ஓடுகிறது, ஏன் தோண்டக்கூடாது என்று உட்கார்ந்து விளக்குவார். எங்கள் நிலையத்தில் செம்பு திருட்டுப் போனதே இல்லை.

புதியவர்களுக்கு அவர் கொடுக்கும் முதல் வேலை ஒரு கிரிஸ்டல் செட் கட்டுவது. கம்பிச் சுருள், ஒரு டையோடு, ஒரு இயர்போன், பேட்டரி கிடையாது. கோபுரத்துக்குப் பக்கத்தில் போனால் அது பாடும். பட்டயமும் பட்டமும் வாங்கிவந்த பிள்ளைகள் அந்த நேரத்தில் சிரிக்கும் சிரிப்பைப் பார்க்கவேண்டும். அப்போது சார் ஒரு கதை சொல்வார். அகில இந்திய வானொலியின் முதல் தலைமைப் பொறியாளர் சி.டபிள்யூ. காய்டர் 1936-இல் இந்தியாவுக்கு வந்தார். அவர் லண்டனில் பள்ளி மாணவனாக இருந்தபோது, 1924 அக்டோபரில், தானே இயக்கிய கருவியால் நியூசிலாந்தில் இருந்த ஃபிராங்க் பெல்லோடு தொடர்புகொண்டவர். உலகத்தின் இரு கோடிகளுக்கு நடுவே நடந்த முதல் இருவழி வானொலித் தொடர்பு அது. “ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் செஞ்சது” என்பதை சார் அழுத்திச் சொல்வார். பயந்து நிற்கும் பையனுக்குத் தைரியம் வரவேண்டும் என்பதற்காக.

காலையில் வானொலியின் முத்திரை இசை ஒலிக்குமே, ஐரோப்பாவிலிருந்து அடைக்கலம் தேடி வந்த யூத இசைஞர் வால்டர் காஃப்மன் அமைத்தது, அதைக் கேட்டுத்தான் நாடு விழித்தது. அந்த இசைக்கு முன்பே எங்கள் நாள் தொடங்கிவிடும். சார் நாலு மணிக்கெல்லாம் சைக்கிளில் வந்துவிடுவார். உள்ளே நுழைந்ததும் எதையும் தொட மாட்டார். ஒரு நிமிடம் நின்று கேட்பார்: எந்த விசிறியின் சத்தம் மாறியிருக்கிறது, எங்கே எலி ஓடுகிறது என்று. பிறகு ஃபிலமென்ட்டைப் போடுவார். பெரிய வால்வு சூடேறச் சில நிமிடங்கள் ஆகும். அதற்கு முன் உயர் மின்னழுத்தம் கொடுத்தால் வால்வின் ஆயுள் போய்விடும். நேரம் நெருங்குகிறதே என்று நாங்கள் கடிகாரத்தைப் பார்ப்போம். அவர் மீட்டரைப் பார்ப்பார்.

டிரான்ஸ்மிட்டர் அலமாரிக்குள் கை வைக்கும் முன் எர்த் ராடை எடுத்து ஒவ்வொரு முனையிலும் தொட்டுவைப்பது விதி. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் கெபாசிட்டருக்குள் ஆளைக் கொல்லும் அளவுக்கு மின்னூட்டம் நிற்கும். விதி எல்லா நிலையத்திலும் சுவரில் எழுதியிருக்கும். எங்கள் நிலையத்தில் சார் ஒவ்வொரு முறையும், ஓய்வுபெறும் வாரத்திலும்கூட, அதைச் செய்தார். அவருக்கு அது பழக்கமாகிவிடவில்லை. ஒவ்வொரு முறையும் கவனத்தோடு செய்தார். அவருக்குக் கீழே வேலை பார்த்த யாருக்கும் ஒரு தழும்புகூட இல்லை. ஒரு மனிதரின் வாழ்நாள் சாதனை என்று இதைச் சொன்னால் விருதுக் குழுக்களுக்குப் புரியாது. எங்கள் மனைவிமார்களுக்குப் புரியும்.

லாக் புக்கைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொன்னதாக ஆகாது. மணிக்கொரு முறை மீட்டர் அளவுகளைக் குறிக்கவேண்டும். இரவு ஷிப்டில் தூக்கம் வரும். முந்தைய மணியின் அளவையே பார்த்து எழுதிவிடலாம், யாருக்கும் தெரியாது. சாருக்குத் தெரியும். இராத்திரி மின்வாரியத்தின் வோல்டேஜ் ஏறும், அளவுகள் கொஞ்சமாவது அசைய வேண்டும். அசையாமல் வரிசையாக ஒரே எண் இருந்தால் ஆள் எழுந்திருக்கவில்லை என்று பொருள். அதற்காக அவர் யாருக்கும் மெமோ கொடுத்துப் பார்த்ததில்லை. மறுநாள் அதே ஆளோடு தானும் இரவு ஷிப்டுக்கு வந்து உட்கார்ந்துவிடுவார். ஒருமுறை அவரே தவறான சுவிட்சைத் தட்டி ஒலிபரப்பு இரண்டு நிமிடம் நின்றது. மின்தடை என்று எழுதியிருக்கலாம். அன்று ஊரெல்லாம் மின்சாரம் வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. ‘என் தவறு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு ஓலை வந்தது, பதிலும் எழுதினார். அந்தப் பக்கத்தைப் பார்த்த பிறகு எங்கள் நிலையத்தில் யாரும் லாக் புக்கில் பொய் எழுதத் துணியவில்லை.

ஷிப்ட் மாறும்போது பொறுப்பை வாயால் சொல்லிவிட்டுப் போவதை அவர் ஏற்கமாட்டார். வருபவர் லாக் புக்கைப் படிக்கவேண்டும்; இருவரும் சேர்ந்து ஒரு சுற்றுப் போகவேண்டும்; டீசல் ஜெனரேட்டரில் எத்தனை லிட்டர் என்று குச்சிவிட்டுப் பார்க்கவேண்டும். வருபவர் “எடுத்துக்கிட்டேன்” என்று சொன்ன பிறகுதான் போகிறவர் சைக்கிளைத் தொடலாம். வீட்டில் விசேஷம், பேருந்து போய்விடும் என்றாலும் அதுதான். ஆரம்பத்தில் எங்களுக்கு எரிச்சலாக இருக்கும். புயல் இரவுகளில்தான் அதன் அருமை தெரிந்தது. கடலுக்குப் போன மீனவர்களின் குடும்பங்கள் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருக்க, ஊரில் மின்சாரமும் தொலைபேசியும் செத்துக் கிடக்க, எங்கள் ஜெனரேட்டர் ஓடியது. எத்தனை மணி நேரம் ஓடும் என்று எங்களுக்கு லிட்டர் கணக்கில் தெரிந்திருந்தது.

இதைத் தேயிலைக்காரர்களுக்குச் சொல்வதென்றால் கவ்வாத்து வெட்டுகிறவரைச் சொல்வேன். அவர் வெட்டிவிட்டுப் போன செடி மொட்டையாக நிற்கும். பார்க்கச் செத்தது போலிருக்கும். மாதங்கள் கழித்துத் துளிர்க்கும் கொழுந்தை வேறு யாரோ எடுப்பார்கள், எடைச்சீட்டு அவர்கள் பெயரில் விழும். ஆனாலும் வெட்டு சாய்வாக, சுத்தமாக விழுந்திருக்கிறதா என்று அவர் குனிந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்த செடிக்குப் போவார். எங்கள் அப்பா அப்படிப்பட்டவர். சாரைப் பார்த்த முதல் மாதத்திலேயே எனக்கு அவர் அந்நியராகத் தெரியாமல் போனதற்கு அதுதான் காரணமாக இருக்கவேண்டும்.

ஓய்வுபெற்ற அன்று சால்வை, மாலை, குழுப்படம் எல்லாம் நடந்தது. அது முடிந்ததும் அலமாரியைத் திறந்து தடித்த நோட்டு ஒன்றை எடுத்து, இளையவராக இருந்த ஒரு பெண் பொறியாளரிடம் கொடுத்தார். டிரான்ஸ்மிட்டரோடு வந்த கையேடுகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. இந்த நோட்டு முழுக்கத் தமிழில். காவலாளி முதல் எலக்ட்ரீஷியன் வரை யாரும் படிக்கலாம். ‘இந்தக் கான்டாக்டர் ஐப்பசி மழையில் ஒட்டிக்கொள்ளும், சுத்தியலால் தட்டாதே, ஹீட்டர் பல்பை இரவு முழுக்க எரியவிடு’ என்பது போல, பக்கம் பக்கமாக. எந்தக் கோளாறு, எந்த ஆண்டு, யார் கண்டுபிடித்தது என்றும் எழுதியிருந்தார். பாதிக்கு மேல் எங்கள் பெயர்கள். அவர் பெயர் வந்த இடங்கள் குறைவு. அவர் கண்டுபிடித்ததில் பலவற்றை அருகே நின்றவன் பெயரில் எழுதிவிட்டார் என்பது எங்களுக்குத் தெரியும்.

அறிவைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டால்தான் மதிப்பு என்று நினைக்கிறவர்களை எல்லா அலுவலகத்திலும் பார்த்திருக்கிறேன். நான் இல்லாவிட்டால் இந்த இடம் நடக்காது என்பதில் அவர்களுக்குப் பெருமை. சார் இல்லாத மறுநாள் காலை எங்கள் நிலையம் ஒரு நொடி பிசகாமல் காற்றில் ஏறியது. அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாராம். பிற்பாடு போய்ப் பார்த்தபோது, “மாடுலேஷன் நல்லா இருந்தது தம்பி” என்றார். அவர் முகத்தில் அவ்வளவு மகிழ்ச்சியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இன்று வால்வு டிரான்ஸ்மிட்டர்கள் ஏறத்தாழப் போய்விட்டன. தூர்தர்ஷனின் தரைவழி அனலாக் டிரான்ஸ்மிட்டர்களில் பெரும்பாலானவற்றைப் பிரசார் பாரதி மூடிவிட்டது. காலம் மாறும்போது கருவி மாறத்தான் வேண்டும். சார் அதற்காக ஒருநாளும் புலம்பியதில்லை. ஆனால் எங்கள் மலையில் இருப்பவர்களுக்கு ஒன்று தெரியும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. 2024 ஜூலை 30 அன்று இந்த மலைக்கு அந்தப் பக்கம், வயநாட்டில், முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணோடு போயின. அப்படிப்பட்ட நாளில் முதலில் போவது மின்சாரம். பேட்டரி தீர்ந்ததும் செல்போன் கோபுரம். அப்போது இரண்டு செல் போட்ட ஒரு சின்ன ரேடியோவும், எங்கோ விழித்திருக்கும் ஒரு ஷிப்ட்காரரும் வேண்டும். அதற்குரிய ஆட்கள் வானத்திலிருந்து வரமாட்டார்கள். கோத்தகிரியில் கீஸ்டோன் அமைப்பு நடத்தும் சமுதாய வானொலியில் பழங்குடி இளைஞர்கள் தங்கள் மொழியில் நிகழ்ச்சி செய்கிறார்கள் என்று கேட்கும்போது எனக்கு நம்பிக்கை வருகிறது. மைக்கின் முன் உட்காரும் பிள்ளைகளோடு, டிரான்ஸ்மிட்டர் அறையில் உட்காரும் பிள்ளைகளும் அங்கே உருவாக வேண்டும்.

எனவே இதைப் படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில், உங்கள் தெருவில், வானொலியிலோ தொலைக்காட்சியிலோ மின்வாரியத்திலோ தொலைபேசியிலோ டிரான்ஸ்மிட்டரும் டர்பைனும் எக்ஸ்சேஞ்சும் ஓட்டி ஓய்வுபெற்ற ஒருவர் இருப்பார். யாரும் அவரிடம் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள். ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு போங்கள். என்ன கருவி, என்ன கோளாறு, எப்படிச் சரிசெய்தீர்கள், யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று கேட்டு, தேதியோடும் பெயர்களோடும் எழுதிக்கொள்ளுங்கள். நிலையங்களை மூடும் பொறுப்பில் இருப்பவர்கள் இரும்பையும் செம்பையும் ஏலத்துக்கு விடும் முன், லாக் புக்குகளை மட்டுமாவது பக்கத்துப் பாலிடெக்னிக் நூலகத்துக்குக் கொடுத்துவிடுங்கள். அவற்றை எடுத்துக்கொள்ளப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.